முப்பத்தாறு புள்ளி ஒன்று

வடபனியில் மாரடைப்பு வந்தால் உட்கார்ந்துகொள்ள வேண்டும். செய்ய வேண்டியது அவ்வளவுதான்.

சுரங்கத்தில் துளைப்பொறிக்குப் பக்கத்தில், உணவுக்கூட வரிசையில், பேச்சின் நடுவில், எங்கே வந்தாலும் அங்கேயே உட்கார்ந்துகொள்வார்கள். அருகில் இருப்பவர் ஒரு குவளைத் தேநீரை அவர் முன்னால் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். பதினோரு நிமிடம் கழித்து, உட்கார்ந்தவரின் மார்புக்குள்ளிருந்து மெல்லிய மணியொலி கேட்கும். அவர் எழுந்து, ஆறிப்போன தேநீரைக் குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வார். குடியிருப்பின் விதிகளில் மாரடைப்புக்கு அரை மணி நேர ஓய்வு. காய்ச்சலுக்கு இருபத்தொரு நாள் தனிமை.

மக்கள் பயந்தது இரண்டாவதற்குத்தான்.

செவ்வாயின் கதிர்வீச்சு ரத்தக்குழாய்களை விரைவில் முதுமையாக்கியது. முப்பது வயதுக்கு மேல் யாருக்கும் எப்போதும் ரத்தம் உறைந்து இதயக்குழாயை அடைக்கலாம். அதனால் பூமியை விட்டுக் கிளம்பும் முன்பே ஒவ்வொருவர் மார்பிலும் அரிசிமணி அளவில் ஒரு கருவியைப் பதித்துவிடுவார்கள். அதன் பெயர் நெஞ்சுக்காவலி. அடைப்பை உணர்ந்ததும் அது உறைகரைப்பு மருந்தைச் சிறிதளவு விடும். பதினோரு நிமிடத்தில் அடைப்பு கரையாவிட்டால், நாற்பதாவது நிமிடத்தில் மீதி மருந்து முழுவதையும் விடும். அந்த முழு அளவு தேவைப்பட்டவர்கள் மிகக் குறைவு.

காய்ச்சல் வேறு கதை. பதினேழு ஆண்டுகளுக்கு முன்பு காய்ச்சலோடு ஏறிய ஒருவரால், பூமிக்குத் திரும்பிக்கொண்டிருந்த கப்பலில் பாதிப்பேர் இறந்தார்கள். அதன் பிறகு குடியிருப்பின் ஒவ்வொரு கூடத்திற்கும் உடல் வெப்பம் பார்க்கும் வெப்பவாசல் வந்தது. காலையில் அதைக் கடக்காமல் யாரும் வேலைக்குப் போக முடியாது. கப்பல் புறப்படுவதற்கு முந்தைய அறுபது நாளில் ஒருவருக்குக் காய்ச்சல் பதிவானால், அவர் குடும்பமே பயணப் பட்டியலிலிருந்து நீக்கப்படும். அடுத்த கப்பல் இருபத்தாறு மாதம் கழித்து வரும்.

வடபனி ஒரு பனிச்சுரங்கம். அங்கே எது கிடைக்காவிட்டாலும் பனிக்கட்டி கிடைக்கும். உடம்பு கதகதத்தால், வாசலுக்கு வருமுன் ஒரு பனித்துண்டை உடம்பில் வைத்து எடுத்துவிடுவது எல்லாருக்கும் தெரிந்த வழி. குழந்தைகளுக்குக்கூட அதைச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். செவ்வாயில் வாழும் மனிதரின் சராசரி உடல் வெப்பம் பூமியில் வாழ்பவரைவிட அரை டிகிரி குறைவு, முப்பத்தாறு புள்ளி ஒன்று, என்பது இப்போது பாடநூலில் இருக்கிறது. பூமியில் இரண்டு பேர் அதற்குக் காரணம் கண்டுபிடித்து முனைவர் பட்டம் வாங்கினார்கள்.

கப்பலுக்கு ஒன்பது நாள் இருந்தது. அன்று காலை ஐந்தாம் சுரங்கத்தில் சுடலைமணி உட்கார்ந்தான்.

"வந்துட்டு" என்றான் மார்பைப் பிடித்துக்கொண்டு.

"ஒனக்கு நேரம் காலமே கிடையாதால. இந்தத் துளைய முடிச்சிட்டு உக்காந்தா என்ன" என்றான் கோயில்பிச்சை. இருவரும் ஒரே ஊர்க்காரர்கள். ஒரே கப்பலில் வந்தவர்கள். கோயில்பிச்சை தேநீரை வைத்துவிட்டுப் பொறியைத் தனியாக ஓட்டினான். பதினோரு நிமிடம் ஆனது. மணி அடிக்கவில்லை. பதினைந்தாவது நிமிடத்தில் அவன் பொறியை நிறுத்திவிட்டுச் சுடலைமணியைத் தோளில் தூக்கிக்கொண்டான்.

மருத்துவக்கூடத்தில் டாக்டர் மரகதம் இருந்தாள். வடபனிக்கு ஒரே ஒரு மனித மருத்துவர்தான். மற்ற வேலைகளை நோயறிவி என்ற இயந்திரமே செய்துவந்தது. மரகதத்தின் பணிக்காலம் முடிந்துவிட்டது. அவள் பெயரும் பயணப் பட்டியலில் இருந்தது. ஊரில் அவளுக்காக ஒருவர் நான்கு ஆண்டுகளாகக் காத்திருந்தார். இன்னொரு கப்பலைத் தவறவிட்டால் மேற்கொண்டு காத்திருக்கத் தன்னால் முடியாது என்று அவர் கோபமில்லாமல், நேராகவே, சொல்லியிருந்தார்.

"மாரடைப்புக்கெல்லாம் என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்துருக்கான் டாக்டர்" என்றான் சுடலைமணி. "வெளிய தெரிஞ்சா சிரிப்பாவ." பேசும்போது உதடு வெளுத்திருந்தது.

மரகதம் அவனுடைய பழைய படங்களைத் திரையில் வரவழைத்தாள். முப்பத்தெட்டு வயது. போன மாதம் எடுத்த படத்தில் இதயக்குழாய்கள் சுத்தமாக இருந்தன. சுத்தமான குழாயில் உறைவு ஏன் வர வேண்டும்? அவள் அவன் கையைப் பிடித்து நகங்களைப் பார்த்தாள். நகத்தின் அடியில், முள் குத்தியதுபோல, மெல்லிய சிவப்புக் கோடுகள். உள்ளங்கையில் இரண்டு செம்புள்ளிகள். மேசை இழுப்பறையிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்தாள். அதை அவள் தொட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன. இதயத்தின் இரண்டு ஒலிகளுக்கும் நடுவில், ஊதுவதுபோல ஒரு மூன்றாவது ஒலி கேட்டது.

பாடத்தில் படித்திருந்தாள். பார்த்ததில்லை. ரத்தத்தில் கலந்த கிருமி இதய வால்வில் ஒட்டிக்கொண்டு பாசிபோல வளரும். அதில் ஒரு துணுக்கு பிய்ந்து ஓடி இதயக்குழாயில் சிக்கினால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது சாதாரண மாரடைப்புதான். ஆனால் சாதாரண மாரடைப்புக்கான மருந்தை இதற்குக் கொடுக்கக் கூடாது. அதே துணுக்குகள் மூளைக்கும் போயிருக்கும். அங்கே குழாயின் சுவரைக் கிருமி அரித்து மெலிய வைத்திருக்கும். கரைப்பு மருந்து முழுதாக உள்ளே போனால் அந்த இடம் உடையும்.

சரியான வழி வேறு. மணிக்கட்டு வழியாக உறிஞ்சுகுழலைச் செலுத்தித் துணுக்கை வெளியே இழுக்க வேண்டும். பிறகு வாரக்கணக்கில் கிருமிக்கொல்லி. குழல் அங்கேயே ஒரு பூட்டிய பெட்டியில் இருந்தது. ஆனால் நெஞ்சுக்காவலி இயங்கிக்கொண்டிருக்கும்வரை நோயறிவி அதைத் திறக்க விடாது. நெஞ்சுக்காவலியை நிறுத்தவும் நோயறிவியின் அனுமதி வேண்டும். முன்பெல்லாம் மருத்துவரே நிறுத்தலாம். தயங்கித் தயங்கி மருத்துவர்கள் செய்த பிழைகளை எண்ணிப் பார்த்து, அந்த உரிமையை எடுத்துவிட்டார்கள்.

"இரண்டாம் அளவை நிறுத்து. வால்வில் கிருமித்தொற்று என்று சந்தேகிக்கிறேன்" என்றாள் மரகதம்.

"சான்று தேவை" என்றது நோயறிவி. "முப்பது நாளில் பதிவான காய்ச்சல், அல்லது ரத்தத்தில் கிருமி, அல்லது நோயாளியோ வீட்டாரோ தரும் வாக்குமூலம். வெப்பவாசல் பதிவுகளில் காய்ச்சல் இல்லை. ரத்தப் பரிசோதனை நடக்கிறது."

சந்தேகத்தைப் பதிவதற்கு அதில் இடம் இல்லை.

சுடலைமணியின் மனைவி பிரமு அப்போது வந்து சேர்ந்தாள். சமையற்கூடத்தில் வேலை. கையில் மாவு ஒட்டியிருந்தது. கணவனைப் பார்த்துவிட்டு முதலில் சிரிக்கத்தான் செய்தாள்.

"என்ன, மணி அடிக்க மாட்டேங்குதாம்லா?"

"ரிப்பேரா இருக்கும்" என்றான் சுடலைமணி.

மரகதம் இருவரையும் பார்த்துக் கேட்டாள். "ஒரு விஷயம் உண்மையா சொல்லணும். இந்த மாசம் இவருக்குக் காய்ச்சல் வந்துச்சா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு முயற்சி செய்தது தெரிந்தது.

"காய்ச்சலா? எனக்கா?" என்றான் சுடலைமணி.

"அவியளுக்குக் காய்ச்சலே வராது டாக்டர்" என்றாள் பிரமு. "வாசல்ல பதிவு இருக்குமே, பாருங்க."

"பதிவு எல்லாம் எப்படி வருதுன்னு எனக்கும் தெரியும் பிரமு. ஏதாவது மாத்திரை போட்டாரா?"

"மாத்திரைக்கு எங்க போவோம் நாங்க?"

"ரத்தத்தில் கிருமி காணப்படவில்லை" என்றது நோயறிவி. இருபத்தாறாவது நிமிடம்.

மரகதத்துக்கு அது நிம்மதியைத் தரவில்லை. அரைகுறையாக மாத்திரை போட்டவனின் ரத்தத்தில் கிருமி உடனே அகப்படாது. அடங்கிக் கிடக்கும், சாகாது. அவள் பிரமுவைச் சுவரோரம் அழைத்துப்போனாள்.

"இது ரத்தக்கட்டி இல்ல, கிருமிக்கட்டி. இன்னும் கொஞ்ச நேரத்துல அந்த மெஷின் மருந்து மொத்தத்தையும் உள்ள விட்டுரும். விட்டா இவருக்கு மூளையில ரத்தம் கசியலாம். நீங்க 'காய்ச்சல் வந்துச்சு'ன்னு சொன்னாப் போதும், நான் நிறுத்திடுவேன்."

"கசியலாம்னா? கசியுமா, கசியாதா?"

"நிச்சயமா எனக்குத் தெரியாது. நீங்க சொன்னாத்தான் தெரியும்."

பிரமு கையிலிருந்த மாவைத் தேய்த்து உதிர்த்தாள். "கோமு அக்காகிட்டயும் போன மாசம் இப்பிடித்தான் அன்பாக் கேட்டிய. பிள்ளைக்குக் காய்ச்சலா, சும்மா சொல்லுங்க, நான் பாத்துக்கிடுதேன்னு. சொன்னா. சாயந்திரமே மூணு பேரையும் தனிமையில போட்டாச்சு. கப்பலும் போச்சு."

அது உண்மை. படிவத்தில் கையெழுத்துப் போட்டது அவள்தான்.

"எம் மவள ஆறு வயசுல விட்டுட்டு வந்தோம்" என்றாள் பிரமு. "போன தடவையும் கப்பலு இல்லன்னு ஆயிட்டு. இப்ப பத்து முடிஞ்சிட்டு. வள்ளியூர்ல ஆஸ்டல்ல கிடக்கா. மாரடைப்புக்குப் பயந்து நான் காய்ச்சல்னு சொன்னா, கேக்குறவிய சிரிப்பாவ டாக்டர். எங்க லைன்ல மாரடைப்பு வராத ஆளு யாரு?"

"இது அந்த மாரடைப்பு இல்ல."

"மணி அடிக்கும். கொஞ்சம் பொறுங்க."

முப்பத்து மூன்றாவது நிமிடத்தில் மரகதம் மறுபடி சுடலைமணியிடம் போனாள். தலையைக் குனிந்து, மெதுவாகக் கேட்டாள். அவன் வாயைத் திறந்தான். திறந்தவன், மருத்துவரின் தோளுக்குப் பின்னால் நின்ற மனைவியைப் பார்த்தான். பிறகு, "நல்லாத்தான் இருந்தேன்" என்றான்.

முப்பத்தெட்டாவது நிமிடத்தில் மரகதம் நோயறிவியிடம் பொய் சொன்னாள். "காய்ச்சல் இருந்ததாக வாக்குமூலம் கிடைத்துவிட்டது."

"வாக்குமூலம் நோயாளியின் குரலிலோ வீட்டாரின் குரலிலோ இருக்க வேண்டும்" என்றது நோயறிவி.

அவள் திரும்பிப் பிரமுவைப் பார்த்தாள். கோயில்பிச்சையும் கதவருகே நின்று பிரமுவைப் பார்த்தான். பிரமு கணவனின் மார்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாற்பதாவது நிமிடம் எந்தச் சத்தமும் இல்லாமல் வந்து போனது.

நாற்பத்தாறாவது நிமிடத்தில் மணி அடித்தது.

மெல்லிய, இனிமையான ஒலி. சுடலைமணி மூச்சை நீளமாக விட்டான். உதட்டுக்கு நிறம் திரும்பியது. கோயில்பிச்சை சத்தமாகச் சிரித்தான். "மாரடைப்பு சீரானது. நோயாளி பணிக்குத் திரும்பலாம்" என்றது நோயறிவி.

"பாத்தியளா டாக்டர்" என்றாள் பிரமு. அவள் கன்னம் நனைந்திருந்தது. "நான் சொன்னேம்லா."

மரகதத்துக்கும் ஒரு கணம், தான் நினைத்தது தப்பாக இருக்கட்டும் என்று தோன்றியது. வெட்கப்பட அவள் தயாராக இருந்தாள்.

"டீ ஆறியிருக்கும்" என்றான் சுடலைமணி. கோயில்பிச்சை தோளைக் கொடுத்தான். எழுந்து நின்றவன் நெற்றிப்பொட்டைப் பிடித்தான். "தலை மட்டும் என்னமோ..." அடுத்து அவன் சொன்னது யாருக்கும் புரியவில்லை. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. அவன் மகள் பெயரைச் சொன்னான் என்று பிரமு பிற்பாடு சொன்னாள். தேநீர் கேட்டான் என்றான் கோயில்பிச்சை.

நண்பகலுக்கு முன் எல்லாம் முடிந்துவிட்டது. நோயறிவி இரண்டு பதிவுகள் எழுதியது. ஒன்று: மாரடைப்பு, சிகிச்சை வெற்றி. இரண்டு: மூளை ரத்தக்கசிவு, தொடர்பற்ற நிகழ்வு. அந்த ஆண்டும் வடபனியில் மாரடைப்பால் இறந்தவர்கள் ஒருவரும் இல்லை.

பிரமு நடைவழியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். மரகதம் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிரமு இடுப்பிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்தாள். பத்துக் குழிகளில் ஆறு காலி. பின்பக்கம், மருத்துவர் சொன்ன நாள்வரை முழுவதும் உட்கொள்ளவும் என்று அச்சிட்டிருந்தது.

"கடவாப்பல்லு வலின்னு ரெண்டு மாசமா சொல்லிட்டுக் கெடந்தாவ. ஈறு வீங்கிச் சுட்டுக்கிட்டு இருந்துச்சு, பல் டாக்டர் பொறி வாய்க்குள்ளயே வெப்பம் பாக்குமே. கோயில்பிச்சை அண்ணன்தான் குறட்டால புடுங்கி விட்டாவ. அப்புறம் ஒரு வாரத்துல காய்ச்சல்."

"இந்த மாத்திரை?"

"அண்ணன் வீட்டுலதான். ஊர்லேர்ந்து ஊறுகாய்ப் பாட்டிலுக்குள்ள வச்சுக் கொண்டாந்தது. ரெண்டு போட்டாவ, மறுநாளே காய்ச்சல் விட்டுட்டு. பத்து நாள்ல மறுபடி வந்துச்சு. மறுபடி ரெண்டு. அப்புறம் ரெண்டு."

"ஏன் நிறுத்தினீங்க?"

பிரமு அவளை வியப்போடு பார்த்தாள். "காய்ச்சல் விட்டப்புறம் எதுக்குப் போடணும்? மிச்சம் இருந்தா அடுத்த வீட்டுக்கு ஆவும்லா."

மரகதம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத எழுதுவியளா?" என்றாள் பிரமு.

"எழுதணும்."

"எழுதுங்க. எம் மவகிட்ட யாராவது போய்ச் சொல்லணும். அது ஒண்ணுதான்."

அன்று மாலை மரகதம் நான்கு பக்கத்தில் ஓர் அறிக்கை எழுதினாள். பனித்துண்டைப் பற்றி எழுதினாள். முப்பத்தாறு புள்ளி ஒன்று என்பது எப்படி வந்தது என்று எழுதினாள். நெஞ்சுக்காவலி இரண்டாம் அளவை விடுமுன் மனித மருத்துவரின் சந்தேகத்துக்கும் மதிப்பு வேண்டும் என்றும், காய்ச்சலை ஒப்புக்கொண்டவர்களைக் கப்பலிலிருந்து நீக்கும் விதி இருக்கும்வரை யாரும் உண்மை சொல்லப்போவதில்லை என்றும் எழுதினாள். ஒரு சொல்கூட மிகை இல்லை. நல்ல அறிக்கை.

அனுப்பும் பொத்தானுக்கு மேல் விரல் நின்றது. இதை அனுப்பினால் ஐந்தாம் சுரங்கம் முழுவதையும் இருபத்தொரு நாள் அடைத்துவிடுவார்கள். பிரமு மகளைப் பார்க்க முடியாது. பாவம், அவளுக்காகவாவது பொறுக்கலாம் என்று மரகதம் நினைத்தாள். நோயாளியைத் தொட்ட மருத்துவரையும் அடைத்துவிடுவார்கள் என்பதை அவள் அந்த வாக்கியத்தில் சேர்க்கவில்லை. கப்பல் கிளம்பிய பிறகு, வழியிலிருந்தே அனுப்பிவிடலாம். அறிக்கையைச் சேமித்தாள். மாத்திரை அட்டை சான்றுப்பொருள். அதை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள்.

மூன்றாம் நாள் கோயில்பிச்சை வந்தான். முகம் சுருங்கியிருந்தது. வெகுநேரம் வேறெதையோ பேசிவிட்டுக் கேட்டான்.

"அந்த அட்டை உங்ககிட்ட இருக்குன்னு பிரமு சொன்னா. எம் பொண்டாட்டிக்கு லேசா மேலு சுடுது டாக்டர். ரெண்டு போதும்."

மரகதத்துக்குக் கோபம் வந்தது. "அவர் எதனால செத்தார்னு உங்களுக்குச் சொல்லலையா?"

"சொன்னா. கிருமின்னா. எம் பொண்டாட்டிக்குச் சும்மா காய்ச்சல்தான். கப்பல் ஏறுமுன்ன நடக்குற சோதனைக்கு இன்னும் மூணே நாளுதான் இருக்கு."

"அதை எரிச்சாச்சு" என்றாள் மரகதம்.

"அநியாயம். நாலு நல்ல மாத்திரை" என்று சொல்லிக்கொண்டே போனான்.

கப்பலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது மரகதம் காலையில் விழித்தாள். எச்சில் விழுங்க முடியவில்லை. கண் எரிந்தது. நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். கண்ணாடியில் தொண்டையைப் பார்த்தாள். சாதாரணத் தொண்டைக் காய்ச்சல். வைரஸ். மூன்று நாளில் தானே போகும். இதற்குக் கிருமிக்கொல்லியால் ஒரு பயனும் இல்லை, வடபனியில் இதை அவளைவிட நன்றாக அறிந்தவர் கிடையாது.

அவள் மருத்துவக்கூடத்துக்குப் பின்வழியாகப் போனாள். இழுப்பறையைத் திறந்தாள். இரண்டு மாத்திரைகளை அழுத்தி எடுத்துத் தண்ணீரோடு விழுங்கினாள். மீதி இரண்டு இருந்தன. அவற்றைத் தன் பயணப் பையின் ஓரத்தில் பத்திரப்படுத்தினாள்.

வெப்பவாசலில் வரிசை நீண்டிருந்தது. பெட்டிகளின் எடையைப் பற்றியும், ஊரில் இப்போது என்ன பருவம் என்பதைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். மரகதம் தன் உள்ளங்கைக்குள் ஒரு பனித்துண்டை மூடிக்கொண்டு நின்றாள். அதை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. நான்கு ஆண்டுகளாக அவள் வாசலின் மறுபக்கத்திலிருந்து பதிவுகளைப் பார்த்தவள். விரலிடுக்கில் நீர் வழிந்து தரையில் சொட்டியது.

அவளுக்கு முன்னால் நின்ற பெண் அந்தச் சொட்டுச் சத்தத்துக்குத் திரும்பினாள். பிரமு. அவள் மரகதத்தின் கண்களைப் பார்த்தாள். பிறகு கையைப் பார்த்தாள்.

மரகதம் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

பிரமு வரிசையைவிட்டு அரை அடி நகர்ந்து, மேலே இருந்த கண்காணிப்புக் கண்ணுக்கும் மரகதத்துக்கும் நடுவில் நின்றுகொண்டாள். குரலைத் தாழ்த்தினாள்.

"கையில பிடிச்சா என்ன ஆவும்? காதுக்குப் பின்னால வைங்க. பத்து எண்ணுங்க. அதுக்கு மேல வேண்டாம், தோலு வெளுத்துரும்."

மரகதம் பத்து எண்ணினாள்.

பிரமு முதலில் கடந்தாள். அடுத்து மரகதம். வாசலில் பச்சை விளக்கு எரிந்தது.

"முப்பத்தாறு புள்ளி ஒன்று" என்றது வாசல். "செவ்வாய்க்கு இயல்பானது. செல்லலாம்."